தொடர்ந்து தற்காலிக வேலைகளே பார்த்திருக்கிறீர்களா? அதைப் புதிய நிறுவனத்திடம் சொல்லும் முறை

பல ஆண்டுகளாகத் தற்காலிக வேலைகளையே பார்த்தவரின் ரெஸ்யூமேயைக் கையில் எடுப்பவருக்கு முதலில் வரும் ஐயம், "இவர் எங்கும் நிலைத்து இருக்க மாட்டாரோ?" என்பதுதான். அதில் தவறில்லை. ஒரு புதிய ஆளுக்கு வேலை பழக்க நிறுவனத்துக்குப் பணமும் நேரமும் செலவாகின்றன. அந்த ஐயத்தை நேர்காணலில் வாதாடித் தீர்ப்பது கடினம். நேர்காணலுக்கு முன்பே தாளில் தீர்த்துவிட வேண்டும். பிற அலுவலகங்களுக்குத் தற்காலிகமாக ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் வழியாக அலுவலகம் அலுவலகமாக மாறி வேலை செய்துவிட்டு நிரந்தர வேலைக்குப் போன நான், எனக்குப் பலன் தந்த வழியை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ரெஸ்யூமே எழுதும் அடிப்படைகள் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் போடுங்கள்

கூகுள் ஷீட்ஸ் அல்லது லிப்ரேஆபீஸ் கால்க் போதும். நோட்டுப் புத்தகம் வேண்டாம். தேதி வாரியாக வரிசைப்படுத்தும்போதுதான் இடைவெளிகள் கண்ணில் படும். ஒவ்வொரு வேலைக்கும் இவற்றை எழுதுங்கள்: சம்பளம் கொடுத்தவர் யார், வேலை செய்த இடம் எது, தொடங்கிய மாதம், முடிந்த மாதம், ஏன் முடிந்தது, மேற்பார்வையாளர் யார், கையில் என்ன ஆவணம் இருக்கிறது. மாதங்களை நினைவிலிருந்து எழுதாதீர்கள். சம்பளச் சீட்டையோ வங்கிக் கணக்கையோ பார்த்து எழுதுங்கள்.

படி 2: "நிறுவனம்" என்ற இடத்தில் யார் பெயர்?

இந்தப் படியில்தான் எனக்குப் பெரிய சிக்கல் வந்தது. வேலை உறுதியாகிவிட்டது என்று சொன்ன பிறகு, பின்னணிச் சரிபார்ப்பு, அதாவது பழைய வேலைகள் உண்மையா என்று புதிய நிறுவனம் விசாரிப்பது, பாதியில் நின்றது. நான் தினமும் போய் உட்கார்ந்து வேலை செய்த அலுவலகத்தின் மனிதவளத் துறை, "இந்தப் பெயரில் எங்களிடம் யாரும் பணியாற்றவில்லை" என்று பதில் அனுப்பியிருந்தது. அவர்கள் சொன்னது பொய் அல்ல. அவர்களுடைய சம்பளப் பட்டியலில் என் பெயர் இருந்ததே இல்லை. ஏஜென்சியிடமிருந்து கடிதம் வாங்கிக் கொடுத்த பிறகே காரியம் நகர்ந்தது.

இந்த அமைப்பைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1997-இல் ஏற்ற 181-ஆவது உடன்படிக்கை இதைத் தெளிவாக விவரிக்கிறது: ஏஜென்சி உங்களைப் பணியமர்த்தி மூன்றாம் தரப்பிடம் அனுப்புகிறது, வேலையை ஒதுக்குவதும் மேற்பார்வையிடுவதும் அந்த மூன்றாம் தரப்பு. ஆக, சம்பளம் ஏஜென்சியிடமிருந்து வந்திருந்தால் உங்கள் முதலாளி ஏஜென்சிதான். ரெஸ்யூமேயிலும் அப்படியே எழுதுங்கள். இதில் இன்னொரு நன்மையும் உண்டு: மூன்று துண்டு வேலைகள் ஒரே தொடர்ச்சியான பணிக்காலமாகத் தெரியும். மாதிரிக்கு ஒன்று:

அலுவலக உதவியாளர் (ஒப்பந்தப் பணி), ஏஜென்சியின் பெயர்
மார்ச் 2019 – ஆகஸ்ட் 2021
• காப்பீட்டு நிறுவனம், கணக்குப் பிரிவு, 9 மாதம்: பில் சரிபார்ப்பு. 3 மாத ஒப்பந்தம் இரண்டு முறை நீட்டிக்கப்பட்டது.
• மருத்துவமனை, பதிவுப் பிரிவு, 7 மாதம்: மகப்பேறு விடுப்பில் சென்றவரின் இடத்தில்.
• கிடங்கு அலுவலகம், 14 மாதம்: சரக்குக் கணக்கைப் புதிய மென்பொருளுக்கு மாற்றும் திட்டம், முடியும் வரை.

"இரண்டு முறை நீட்டிக்கப்பட்டது" என்ற வரியைக் கவனியுங்கள். நீட்டிப்பு என்பது உங்கள் வேலையைப் பார்த்தவர்கள் "இவரே இருக்கட்டும்" என்று முடிவெடுத்ததற்கான சான்று. அதை எழுதாமல் விடாதீர்கள். அதேபோல் மகப்பேறு விடுப்பு, திட்டம் முடிந்தது போன்ற காரணங்கள் வேலையின் பக்கத்திலேயே இருந்தால், ஏன் விலகினீர்கள் என்ற கேள்வி எழுவதற்கு முன்பே பதில் கிடைத்துவிடும்.

இணைய விண்ணப்பப் படிவங்களிலும் இதே ஒழுங்குதான்: நிறுவனப் பெட்டியில் ஏஜென்சி, பணி விவரத்தில் வேலை செய்த இடம். லிங்க்ட்இனில் ஏஜென்சியையே நிறுவனமாகத் தேர்ந்தெடுத்து, பணி வகையில் ஒப்பந்தம் என்று குறியுங்கள். அதன் கீழ் அடுத்தடுத்த பணிகளைச் சேர்த்தால் ஒரே தொகுப்பாகக் காட்டும். ரெஸ்யூமே, படிவம், லிங்க்ட்இன் மூன்றிலும் தேதிகள் ஒன்றாக இருக்க வேண்டும்.

படி 3: வடிவம்

தேதிகளை மறைத்துத் திறமைகளை மட்டும் பட்டியலிடும் ரெஸ்யூமே வகையைப் பலர் பரிந்துரைப்பார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். ஆள் எடுப்பவர் முதலில் தேடுவதே தேதியைத்தான். அது இல்லையென்றால் எதையோ ஒளிக்கிறார் என்றே நினைப்பார். அண்மைக்கால வேலை மேலே வரும் வழக்கமான வரிசையே நல்லது.

பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரிக்கும் இரண்டு பத்தி (column) வடிவம், திறமை அளவைக் காட்டும் பட்டைகள், படங்கள் கொண்ட அழகிய வார்ப்புருக்களும் வேண்டாம். பல நிறுவனங்களில் மனிதருக்கு முன் மென்பொருள்தான் ரெஸ்யூமேயைப் படிக்கிறது. இரண்டு பத்தி வடிவத்தில் அது வரிகளைக் கலந்துவிடக்கூடும். சோதித்துப் பாருங்கள்: பிடிஎஃப் கோப்பிலுள்ள எழுத்து முழுவதையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். ஒரு வேலையின் தேதி இன்னொரு வேலையின் அருகில் வந்து நின்றால், வடிவத்தை மாற்ற வேண்டும்.

படி 4: நேர்காணலில் சொல்லும் பதில்

மூன்று வாக்கியம் போதும். நடந்தது என்ன, அதில் கற்றது என்ன, இப்போது நிரந்தர வேலை ஏன். உதாரணமாக: "இந்த ஒப்பந்தங்கள் எல்லாம் குறிப்பிட்ட காலத்துக்கானவை, அனைத்தையும் முடித்துக் கொடுத்திருக்கிறேன். மூன்று வெவ்வேறு கணக்கு மென்பொருள்களில் ஓரிரு நாளில் பழகி வேலை செய்திருக்கிறேன். இனி ஒரே இடத்தில் இருந்து, தொடங்கிய வேலையின் பலனையும் பார்க்க விரும்புகிறேன்." இதைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம். பழைய இடங்களைக் குறை சொல்லவும் வேண்டாம். ஒரு ஒப்பந்தம் பாதியில் முடிந்திருந்தால் அதையும் உள்ளபடி சொல்லுங்கள். "அனைத்தையும் முடித்தேன்" என்ற வரியை மட்டும் அப்போது எடுத்துவிடுங்கள்.

படி 5: பரிந்துரைப்பவர்கள்

உங்களுக்காகப் பரிந்துரை செய்வாரா என்று மேற்பார்வையாளரிடம் ஒப்பந்தத்தின் கடைசி நாளுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். கடைசி நாளோடு அலுவலக மின்னஞ்சல் மூடப்படும். அதில் இருந்த தொடர்புகளும் போய்விடும். மேற்பார்வையாளரின் சொந்த எண்ணையும், முடிந்தால் நான்கு வரிக் கடிதத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். அலுவலக மனிதவளத் துறைக்கு உங்களைத் தெரியாமல் போகலாம். பக்கத்தில் இருந்து வேலை வாங்கியவருக்குத் தெரியும்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

ஏஜென்சியே மூடப்பட்டுவிட்டால்? சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், சம்பளம் வரவானதைக் காட்டும் வங்கிக் கணக்குப் பக்கம், வரி ஆவணம் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். விண்ணப்பத்திலேயே "நிறுவனம் இப்போது இயங்கவில்லை, ஆவணங்கள் உள்ளன" என்று குறிப்பிடுங்கள். சரிபார்ப்பவர் தானாகக் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

வேலை செய்த இடத்தின் பெயரை வெளியிடக் கூடாது என்று ஒப்பந்தம் இருந்தால், துறையை மட்டும் எழுதுங்கள்; மேலே உள்ள மாதிரி அப்படித்தான் இருக்கிறது.

இரண்டு ஒப்பந்தங்களுக்கு நடுவே ஓரிரு மாதம் வேலை இல்லையே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அதே ஏஜென்சியின் கீழ் இருந்தால் தொகுப்பின் மொத்தக் காலத்தைப் போட்டு, ஒவ்வொரு பணிக்கும் அதன் சொந்த மாதங்களையும் எழுதுங்கள். இடைவெளியை அடைக்கத் தேதிகளை இழுக்கக் கூடாது. சரிபார்ப்பில் முதலில் சிக்குவது அதுதான்.

பத்து ஆண்டுகளுக்கு மேல் பழைய ஒப்பந்தங்களுக்கு "முந்தைய பணிகள்: பல்வேறு அலுவலக ஒப்பந்தங்கள்" என்று ஆண்டுகளோடு ஒரே வரி போதும். விவரப் பட்டியல் உங்கள் அட்டவணையில் இருக்கட்டும், கேட்டால் அனுப்பலாம்.