வீட்டுத் துளசியின் மணம் குறையாமல் வளர்க்கும் முறை

பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் பூதக்கண்ணாடியைத் துளசி இலையின் மேல் பிடித்து, வெளிச்சத்தில் சற்றே சாய்த்துப் பாருங்கள். மெல்லிய மயிர்களுக்கு இடையில் பனித்துளிபோல மின்னும் புள்ளிகள் தெரியும். அவைதாம் எண்ணெய்ச் சுரப்பிகள். கிராம்புக்கு மணம் தருகிற யூஜினால் பல துளசி வகைகளில் இந்தச் சுரப்பிகளுக்குள்தான் இருக்கிறது. விரல் பட்டதும் அவை உடைந்து மணம் எழுகிறது. ஆகவே, சுரப்பிகள் நிறைய உண்டாகச் செய்வதும், உண்டான எண்ணெய் வீணாகாமல் காப்பதுமே நம் வேலை.

எந்தச் செடியை நடுகிறோம் என்பதே பாதிக்கு மேல் தீர்மானித்துவிடுகிறது. ஒரே கிருஷ்ண துளசி என்று விற்கப்படும் நாற்றுகளில் ஒன்று கிராம்பு வாசனையோடு காரமாக இருக்கும். பக்கத்துத் தொட்டியில் உள்ளது புல்லைப்போல மணக்கும். இலையைக் கசக்கி முகராமல் நாற்று வாங்காதீர்கள். மணம் பிடித்த செடி கிடைத்துவிட்டால், அதன் விதையை நம்பாமல், பூக்காத கிளையில் நான்கு அங்குலக் குச்சியை வெட்டி, அடி இலைகளை நீக்கி, ஈர மணலில் நட்டு நிழலில் வையுங்கள். அயல் மகரந்தம் கலந்த விதையிலிருந்து வரும் கன்று தாயைப்போல மணக்கும் என்ற உறுதி இல்லை. இரண்டு, மூன்று வாரங்களில் வேர்விடும் குச்சியோ அதே மணத்தைத் தரும்.

அடுத்தது வெயில். நாள்தோறும் குறைந்தது ஆறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த புதிதில், கண்ணாடி ஜன்னலின் உள்பக்கம் வெளிச்சம் நன்றாக விழுகிறதே என்று என் துளசியை அங்கே வைத்தேன். இலைகள் பெரிதாகவும் பசுமையாகவும் வந்தன. கசக்கினால் வாசனையே இல்லை. துளசியின் நெருங்கிய உறவான திருநீற்றுப்பச்சிலையில் சுரப்பிகள் முழுமையாக வளர, சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்களும் தேவைப்படுகின்றன. ஜன்னல் கண்ணாடி அவற்றில் ஒரு பகுதியைத் தடுத்துவிடுகிறது. தொட்டியைப் பால்கனிக் கம்பிக்கு வெளியே மாற்றிய பின், புதிதாக வந்த கொழுந்துகளில் பழைய காரம் திரும்பியது.

உரத்தில் தாராளம் கூடாது. யூரியா போன்ற தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால் இலை தடிக்கும், மணம் நீர்த்துப்போகும். செம்மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு மட்கிய தொழு உரம் கலந்து, மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம் இட்டாலே போதும். மேல்மண் ஓரங்குல ஆழத்துக்குக் காய்ந்த பிறகே நீர் ஊற்றுங்கள். இலேசான வறட்சியில் இலையின் எண்ணெய் அடர்த்தி கூடும் என்பது உண்மைதான், ஆனால் செடி வாடித் தலை தொங்கும்வரை விட்டால் இலையே கிடைக்காது.

கதிர் வந்தவுடன் கிள்ளிவிடுங்கள். விதை முற்ற விட்டால் தண்டு கட்டையாகி, இலைகள் சிறுத்து உதிரத் தொடங்கும். கதிருக்குக் கீழே இரண்டு கணு சேர்த்துக் கிள்ளினால், அந்த இடத்தில் இரட்டைக் கிளைகள் வெடித்து இளம் கொழுந்து கிடைக்கும்; மணம் செறிந்திருப்பது இளம் இலையில்தான். பூஜைக்குக் கதிர் வேண்டும் என்கிற வீடுகளில் ஒரு கிளையை மட்டும் பூக்க விடலாம்.

பனி உலர்ந்து, வெயில் ஏறுவதற்கு முன் பறிப்பது நல்லது. கழுவ வேண்டுமானால் முந்தைய நாள் மாலை செடியிலேயே நீர் தெளித்துத் தூசியை நீக்கிவிடுங்கள்; பறித்த இலையை நீரில் அலசிப் பிழிந்தால் சுரப்பிகள் உடையும். உலர்த்துவதற்கு வெயில் கூடவே கூடாது. காற்றோட்டமுள்ள நிழலில், வெள்ளைத் துணியின் மேல், ஒன்றின்மேல் ஒன்று படியாமல் பரப்பி, இலை நொறுங்கும் பதம் வந்ததும் முழு இலையாகவே கண்ணாடிப் புட்டியில் அடைத்து இருட்டில் வையுங்கள். தேநீரிலோ கஷாயத்திலோ போடும் நேரத்தில் மட்டும் கையால் நொறுக்குங்கள்.