சாணியில் பிறக்கும் ஈ எது? ஜாடியில் வளர்த்துப் பார்க்கலாம்

தொழுவத்தில் மொய்க்கிற ஈ எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தால், இதை ஒருமுறை செய்து பாருங்கள். அகலவாய் ஜாடி இரண்டு, ஈர மணல், மெல்லிய துணி, ரப்பர் பேண்ட், ஒரு லென்ஸ், அப்புறம் கையுறை. இவ்வளவு போதும்.

படி 1: மேய்ச்சல் நிலத்தில் சாணி விழுந்ததுமே அள்ளாதீர்கள். நான் முதல் தடவை சுடச்சுட அள்ளிக்கொண்டு வந்து, இரண்டு வாரம் காத்திருந்து, ஒரு ஈயைக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நாள் கிடக்கட்டும். கொம்பு ஈ, அதாவது மாட்டைக் கடிக்கும் ஒரு குட்டி ஈ, மாட்டின் மேலேயே குடியிருக்கும், சாணி விழுந்த சில நிமிடங்களுக்குள் இறங்கி முட்டையிட்டுவிட்டு மறுபடி மாட்டின் மேல் ஏறிக்கொள்ளும். ஆடை கட்டிப்போன சாணியை அது சீண்டாது.

படி 2: இரண்டாவது ஜாடிக்கு, வைக்கோலும் மூத்திரமும் சாணியும் கலந்து ஊறிக் கிடக்கும் தொழுவ மூலையிலிருந்து எடுங்கள். வீட்டு ஈக்கும், மாட்டைக் கடிக்கும் தொழுவ ஈ என்ற தனி வகைக்கும் அதுதான் பிடித்த இடம். எந்த ஜாடி எங்கிருந்து வந்தது என்று எழுதி ஒட்டிவிடுங்கள், பிறகு குழம்பும்.

படி 3: அடியில் இரண்டு விரற்கடை மணல், அதன்மேல் பாதி ஜாடி வரை சாணி, வாயில் துணி. கொசுவலை வேண்டாம், பொடி ஈக்கள் அதன் கண் வழியே நழுவிவிடும். நிழலில் வையுங்கள், காயாமல் தண்ணீர் தெளியுங்கள், ஆனால் சேறாக்கிவிடாதீர்கள்.

படி 4: வளர்ந்த புழு ஈரம் குறைந்த இடம் தேடி மணலுக்குள் இறங்கும். அங்கே தோல் இறுகி, செம்பழுப்பில் கேப்ஸ்யூல் மாத்திரை மாதிரி ஒரு கூடாகிவிடும். நல்ல வெப்பம் இருந்தால் வீட்டு ஈக்கு முட்டையிலிருந்து ஈயாக 7 முதல் 10 நாள் போதும். தொழுவ ஈ மெதுவாகத்தான் வரும், மூன்று வாரம் ஆனாலும் ஜாடியைக் கொட்டிவிடாதீர்கள்.

படி 5: ஈக்கள் வந்ததும் முதலில் நடையைப் பாருங்கள். எறும்பு போல இடுப்பு ஒடுங்கி, நுனியில் கரும்புள்ளி உள்ள இறக்கையை வீசி வீசி நடந்தால் அது செப்சிட் வகை, மாட்டைக் கடிக்காது. மற்றவற்றை ஜாடியோடு சிறிது நேரம் ஃப்ரீசரில் வைத்து, அடங்கியதும் லென்ஸில் பாருங்கள். முதுகில் நான்கு கருங்கோடு, நக்கிக் குடிக்கும் பஞ்சு வாய் என்றால் வீட்டு ஈ. அதே அளவில் தலைக்கு முன்னால் ஊசி நீட்டிக்கொண்டிருந்தால் தொழுவ ஈ. மாடு சும்மா சும்மா காலை உதறுவது பெரும்பாலும் இதனால்தான். ஊசி இருந்தும் உருவம் பாதிதான் என்றால் கொம்பு ஈ.

சில கூடுகளிலிருந்து ஈக்குப் பதில் குட்டிக் கறுப்புக் குளவி வரும். தாய்க் குளவி ஈயின் கூட்டுக்குள் இட்ட முட்டையிலிருந்து வந்து, உள்ளே இருப்பதைத் தின்று வளர்ந்தது அது. அதை மட்டும் தொழுவத்திலேயே திறந்துவிடுங்கள்.