மெழுகுக்கு மசியாத கீறல்கள்

வெயிலில் நிறுத்தினால் போதும், என் கறுப்புக் காரின் பானட்டில் சிலந்தி வலை போலக் கீறல்கள் தெரியும். மெழுகு பூசினால் மறையும். கழுவக் கழுவத் திரும்பிவிடும். மெழுகு கீறலை நிரப்புமே தவிர எடுக்காது. எடுக்க, பெயிண்ட்டின் மேலுள்ள நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டையே லேசாகத் தேய்க்க வேண்டும்.

அதற்கு ஒரு பாலிஷ் இயந்திரம் வாங்கினேன். ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி வகை ஓரிடத்திலேயே சூடேற்றிப் பெயிண்ட்டைத் தின்றுவிடக்கூடும். கை பழகியவர்களுக்குத்தான் அது. சுழன்றபடியே அசைந்தாடும் டூயல் ஆக்‌ஷன் சாது. பாலிஷைவிடக் கரகரப்பான பசையான காம்பவுண்டைத் தொடவில்லை; மென்மையான ஃபோம் பேடில் நாலைந்து சொட்டு பாலிஷ், முதலில் சோதனைக்கு இரண்டடிச் சதுரத்தில் மட்டும். நீர் கலந்த ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசையைத் துடைத்தேன். இல்லாவிட்டால் பளபளப்பு கண்ணை ஏமாற்றும். டார்ச் அடித்தேன், கீறல்களைக் காணோம். பிறகுதான் மற்ற பகுதிகள். விளிம்புகளில் பெயிண்ட் மெலிது என்பதால் டேப் ஒட்டினேன். மெழுகு கடைசியில், பாதுகாப்புக்கு மட்டும்.