ஏர் சஸ்பென்ஷன் படுத்துவிட்டதா? கம்ப்ரசர் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

ஏர் சஸ்பென்ஷன் என்றால் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த ரப்பர் பைகள் காரைத் தாங்கும், அந்தக் காற்றை அடிப்பது கம்ப்ரசர். காலையில் போய்ப் பார்த்தால் காரின் ஒரு மூலை மட்டும் இறங்கி உட்கார்ந்திருக்கும், ஸ்டார்ட் செய்தால் கர்ரென்ற சத்தத்தோடு மெல்ல எழும், கொஞ்ச நாள் கழித்து அதுவும் நின்றுவிடும். உடனே கம்ப்ரசர் போச்சு என்பார்கள். போனது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பல நேரம் அதைக் கொன்றது எங்கோ இருக்கும் ஒரு சின்னக் கசிவு. போகும் காற்றை ஈடுகட்ட ஓடி ஓடியே அது தீய்ந்திருக்கும். கசிவை விட்டுவிட்டு கம்ப்ரசரை மட்டும் மாற்றினால் புதியதற்கும் அதே கதிதான்.

முதலில் பாதுகாப்பு, இதில் விளையாட்டே வேண்டாம். காற்று இறங்கினால் கார் சொல்லாமல் கீழே வரும். ஜாக் மோடு (காரைத் தூக்கும்போது சஸ்பென்ஷன் தானாக உயரத்தை மாற்றாமல் தடுக்கும் அமைப்பு) இருந்தால் போடுங்கள், பாடியை ஸ்டாண்டில் உட்கார வையுங்கள், ஜாக்கை மட்டும் நம்பித் தலையை உள்ளே விடாதீர்கள். குழாயைக் கழற்றும் முன் அழுத்தத்தை இறக்கியாக வேண்டும், சேமிப்புத் தொட்டி உள்ள கார்களில் அது 10 பாரைத் தாண்டும்.

இறங்குவதும் எழாமல் இருப்பதும் ஒரே நோய் இல்லை. நிறுத்திய கார் தானாக இறங்கினால் காற்று கசிகிறது, அவ்வளவுதான். கம்ப்ரசர் செத்ததால் மட்டும் கார் இரவோடு இரவாகப் படுக்காது. எழவே இல்லை என்றால்தான் கம்ப்ரசர், அதற்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலே, ஃப்யூஸ் பக்கம் போக வேண்டும். இரண்டும் சேர்ந்திருந்தால் கசிவில் ஆரம்பியுங்கள்.

எந்த மூலை என்று கண்டுபிடிக்க ஒரு டேப் போதும். சமதளத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே உள்ள ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து குறித்துக்கொண்டு, காலையில் மறுபடி அளந்து பாருங்கள். சில கார்கள் நிறுத்திய பிறகும் அவ்வப்போது விழித்து, இறங்கிய மூலைக்குச் சமமாக மற்ற மூன்றையும் இறக்கிவிடும், அப்போது நாலுமே கசிவதுபோல் தெரியும். அதனால் இரவு சஸ்பென்ஷன் ஃப்யூஸைக் கழற்றி வைத்துவிட்டு அளப்பதுதான் சரி. ஒரு மூலை மட்டும் இறங்கினால் அந்த ரப்பர் பை, அதன் குழாய், இணைப்பு, இல்லையென்றால் வால்வு பிளாக்கில் (ஒவ்வொரு பைக்கும் காற்றைப் பிரித்து விடும் பாகம்) அதற்கான வால்வு, இவற்றில் ஒன்றில்தான் கசிவு.

அப்புறம் சோப்புத் தண்ணீர். பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி, கார் முழு உயரத்தில் இருக்கும்போது பையின் மேல் இணைப்பிலும், ரப்பர் மடிந்து உருளும் இடத்திலும் அடியுங்கள். வெடிப்பு பெரும்பாலும் அந்த மடிப்பில்தான் வரும், சில உயரங்களில் மட்டும் குமிழி விடும், எனவே உயரத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள். பொறுமையாக ஒரு நிமிடமாவது உற்றுப் பார்க்க வேண்டும், கசிவு சின்னதென்றால் நுரை மெல்லத்தான் கட்டும். குழாய் முனையில் கசிந்தால் அதிர்ஷ்டம்: சில மில்லிமீட்டர் நேராக வெட்டி மறுபடி செருகினாலே பல நேரம் சரியாகிவிடும். பையில் வெடிப்பு என்றால் பசை, டேப் எதுவும் நிற்காது, மாற்றத்தான் வேண்டும்.

கம்ப்ரசர் சத்தமே இல்லையா? முதலில் பேட்டரி, வோல்டேஜ் குறைந்தால் சில கார்கள் அதை ஓடவே விடாது. பிறகு ஃப்யூஸ், ரிலே. அதே எண் கொண்ட வேறு ரிலேயை மாற்றிச் செருகிப் பாருங்கள். நீண்ட நேரம் ஓடி நின்றிருந்தால் சூட்டில் தானே அணைந்திருக்கும், அரை மணி நேரம் ஆறவிடுங்கள். எல்லாம் பார்த்தும் ஓடவில்லையென்றால் பிளக்கைக் கழற்றி, தடித்த ஒயரில் ஃப்யூஸ் வைத்து, மோட்டாருக்கு நேராகச் சில விநாடி 12 வோல்ட் கொடுங்கள். ஓடினால் கோளாறு ஒயரிங்கில், ஓடாவிட்டால் மோட்டார் முடிந்தது. ஓடுகிறது, கசிவும் இல்லை, ஆனாலும் கார் எழவில்லை என்றால் உள்ளே பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம்.

கசிவும் இல்லை, கம்ப்ரசரும் நன்றாக இருக்கிறது, ஆனால் கார் கோணலாக நிற்கிறது என்றால் கார் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளக்கும் உயர சென்சாரின் சின்னக் கம்பியைப் பாருங்கள், துருவேறிக் கழன்று தொங்கிக்கொண்டிருக்கும். இஞ்சின் கோளாறுகளை மட்டும் படிக்கும் மலிவான ஸ்கேனர் இதைக் காட்டாது.

கடைசியில் கம்ப்ரசர்தான் வாங்க வேண்டியிருந்தால் ரிலேயையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய ரிலே ஒட்டிக்கொண்டால் புதுக் கம்ப்ரசர் நிற்காமல் ஓடி எரியும். ஈரம் உறிஞ்சும் டிரையர் தனியாக வருகிற காரென்றால் அதையும் விடாதீர்கள்.