ஓட்டத்தைச் சோதிக்கக் கைபேசி போதும்
முழங்கால் வலிக்குப் புதுக் காலணி வாங்கும் முன், உங்கள் ஓட்டத்தை ஒருமுறை படம்பிடித்துப் பாருங்கள். பத்து நிமிடம் ஓடிய பிறகு, பக்கவாட்டில் இடுப்பு உயரத்தில் கைபேசியைப் பிடித்து ஸ்லோ மோஷனில் எடுக்கச் சொல்லுங்கள். (கேமராவைக் கண்டதும் முதல் சுற்றில் எல்லோரும் அழகாகத்தான் ஓடுவோம்!)

பாதம் தரையைத் தொடும் கணத்தில் படத்தை நிறுத்துங்கள். கணுக்கால், முழங்காலுக்கு ஏறக்குறைய நேர்கீழே இருக்க வேண்டும். வெகுவாக முன்னே நீண்டு விழுந்தால், ஒவ்வோர் அடியிலும் பிரேக் போடுகிறீர்கள். அந்தச் சுமை முழங்காலில் ஏறுகிறது. குதிகால் முதலில் படுவதை நான் பெரிய குறையாகக் கருதுவதில்லை.

அப்படி நீண்டால், 30 நொடியில் வலது கால் எத்தனை முறை படுகிறது என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். அதுவே நிமிடத்துக்கான அடிகள். வேகத்தை மாற்றாமல் அதை 5 சதவீதம் மட்டும் கூட்டிப் பாருங்கள். அடி தானாகவே குறுகும்.