தேடலில் நோயாளிகளைச் சேர்க்கும்போது நாம் சொதப்பும் இடங்கள்

போன மாதம் புதிதாக வந்த இருவருக்கு, பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தளத்தில் ஒரு நோய் பற்றிய கட்டுரைகளைத் தேடுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். “எல்லாம் முடிந்ததும், தேடிய சொற்களை அந்த நோயாளிகளிடம் ஒருமுறை காட்டிவிடலாம்” என்றார் ஒருவர். எனக்குச் சுருக்கென்றது. நானும் ஒரு காலத்தில் அதையே சொன்னவன். அடைப்புக்குறி விட்டுப்போவது, ‘ஆர்’ (ஏதாவது ஒரு சொல் இருந்தால் போதும்) போட வேண்டிய இடத்தில் ‘ஆண்ட்’ (எல்லாச் சொல்லும் வேண்டும்) போடுவது போன்றவை முடிவுகளின் எண்ணிக்கையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கடைசியில் கூப்பிடுவது

2021-இல் லாங் கோவிட் (கோவிட் வந்துபோன பிறகும் நீடிக்கும் தொல்லைகள்) பற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி எழுதும் ஆய்வுத் தொகுப்பு ஒன்றுக்குத் தேடல் அமைத்தேன். களைப்புதான் முக்கியக் கேள்வி. ‘ஃபட்டீக்’, ‘டயர்ட்னஸ்’, ‘எக்ஸாஷன்’, அதற்குரிய மெஷ் தலைப்பு (கட்டுரைகளை வகைப்படுத்தத் தரவுத்தளமே வைத்திருக்கும் பொருள் தலைப்பு) எல்லாம் போட்டாயிற்று. மெட்லைன், எம்பேஸ் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளங்கள் இரண்டிலும் ஓட்டி, இரட்டைப் பதிவுகளை நீக்கினோம். இரண்டு பேர் ஆறு வாரம் உட்கார்ந்து தலைப்பும் சுருக்கமும் படித்து வடிகட்டினார்கள். திட்டத்தில் எழுதிக்கொடுத்திருக்கிறோமே என்று, அப்புறம்தான் நோயாளிகளை ஜூமில் கூப்பிட்டோம்.

எங்கள் சொற்பட்டியலைப் பார்த்த ஒரு அம்மா கேட்டார்: “களைப்பு என்று யார் சார் சொன்னது? தலைக்குக் குளித்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் மத்தியானம் எழுந்திருக்க முடியாது. இது களைப்பா?”

கட்டுரைகளில் இதற்கு ‘போஸ்ட் எக்ஸர்ஷனல் மலேய்ஸ்’ என்று பெயர். வேலை செய்து 12 முதல் 48 மணி நேரம் கழித்துக்கூட ஆளைச் சாய்க்கும். நாட்பட்ட களைப்பு நோய் உள்ளவர்கள் பல வருடங்களாகச் சொல்லிவருவதுதான். ‘ஃபட்டீக்’ என்ற சொல் இல்லாமல் இதை மட்டும் எழுதிய கட்டுரைகள் எங்கள் வலையில் விழவே இல்லை. உடற்பயிற்சி தாங்காமைக்கான சொற்களையும் சேர்த்து இரண்டு தரவுத்தளங்களிலும் மறுபடி ஓட்டினோம். வடிகட்டிய இருவரும் ஒரு வாரம் என்னோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. முதல் வாரத்திலேயே அந்த அம்மாவோடு அரை மணி நேரம் பேசியிருக்கலாம். நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது.

இத்தனைக்கும் ‘லாங் கோவிட்’ என்ற பெயரே நோயாளிகள் வைத்ததுதான். 2020 மே மாதம், எலிசா பெரேகோ என்ற தொல்லியலாளர் தன் நோயைப் பற்றி ட்விட்டரில் எழுதியபோது போட்ட குறிச்சொல் அது. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை 2021 அக்டோபரில்தான் வந்தது.

தேடல் வரியைப் படிக்கக் கொடுப்பது

அடைப்புக்குறியும் ‘ஆர்’, ‘ஆண்ட்’டும் நிறைந்த அந்த வரியை நோயாளிகளிடம் நீட்ட வேண்டாம். “ராத்திரி தூக்கம் வராமல் கூகுளில் என்ன அடித்தீர்கள்?” என்று கேளுங்கள்.

சொன்னதையெல்லாம் அப்படியே போடுவது

நோயாளிகள் தங்களை ‘லாங் ஹாலர்’ என்கிறார்களே என்று, ‘லாங் ஹால்’ போட்டு, அந்தச் சொல்லில் தொடங்கும் எல்லாம் வரட்டும் என்று நட்சத்திரக் குறி வைத்து, கோவிட் என்ற சொல்லோடு இணைக்காமல் ஓட்டினேன். நீண்ட விமானப் பயணத்தில் காலில் ரத்தம் கட்டுவது பற்றிய கட்டுரைகள் வந்து நின்றன! ‘பிரெய்ன் ஃபாக்’ (மூளை மந்தமாக இருப்பது) என்று நோயாளி சொல்வதைக் கட்டுரை ஆசிரியர்கள் பலர் ‘காக்னிடிவ் இம்பேர்மென்ட்’ (அறிதிறன் குறைபாடு) என்றுதான் எழுதுகிறார்கள். நோயாளியின் சொல்லை முதலில் தனியாக ஓட்டுங்கள். கிடைப்பதில் பத்துச் சுருக்கங்களைப் படித்து, ஆசிரியர்களின் சொல்லையும் பொறுக்குங்கள். இரண்டும் வேண்டும்.

ஒரே ஒருவரை வைத்து ஒப்பேற்றுவது

நான்கைந்து பேராவது வேண்டும்.

பணம்

அவர்கள் நேரத்துக்குக் கொடுங்கள்.

நீண்ட கூட்டம்

எங்கள் ஜூம் கூட்டம் இரண்டு மணி நேரம் ஓடியது. மறுநாள் மத்தியானம் அந்த அம்மாவிடமிருந்து ஒரே வரியில் மின்னஞ்சல்: “படுத்துவிட்டேன் சார்.”