பழைய போர்ஷே 911-ல் ஏசி நன்றாகக் குளிர

ஏசி குளிரவில்லை என்றதும் பலர் கம்ப்ரசரை மாற்றுகிறார்கள். பழைய போர்ஷே 911-ல் நான் முதலில் பார்ப்பது, வாயுவின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சரைத்தான். பின்பக்க மூடியில், கொதிக்கும் இன்ஜினுக்கு நேர் மேலே இருக்கிறது அது. இன்ஜின் விசிறி இழுக்கும் காற்றுதான் அதற்குக் கதி. சிக்னலில் நின்றால் அதுவும் குறைந்துவிடும். அதனால் பின் சக்கரத்துக்கு மேலுள்ள குழிக்குள், மின்விசிறியோடு இன்னொரு கண்டென்சர் வையுங்கள். இதைவிடப் பலன் தரும் வேலை வேறு இல்லை என்பேன்.

குழாய்கள் பின்னாலிருந்து முன்பக்கம் வரை நீளமாக ஓடுபவை. பழைய ரப்பர் வழியே வாயு மெல்லக் கசியும். வாயு கசியாதபடி உள்ளே தடுப்பு அடுக்கு கொண்ட பேரியர் ஹோஸ் போடுங்கள்.

ஆர்12 என்ற பழைய குளிர்வாயுவிலிருந்து ஆர்134ஏ-க்கு மாறுகிறீர்களா? பழைய வாயுவைக் காற்றில் விடாதீர்கள், ஓசோனைக் கெடுக்கும். வாயுவை உறிஞ்சிப் பிடிக்கும் மெஷின் வைத்திருப்பவரிடம் கொடுத்து எடுங்கள். கம்ப்ரசரை உயவூட்டும் பழைய மினரல் ஆயிலையும் முழுக்க வெளியேற்றுங்கள். புது வாயுவோடு அது கலக்காது, கம்ப்ரசருக்குத் திரும்பி வராது. எஸ்டர் ஆயில் ஊற்றி, ஈரத்தை உறிஞ்சும் டிரையரை மாற்றுங்கள். இணைப்புகளில் வரும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளை அதே ஆயிலில் நனைத்து, பிசிறு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துப் பொருத்துங்கள்.

அப்புறம் முக்கால் மணி நேரமாவது வேக்யூம், அதாவது பம்பால் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுங்கள். பம்பை நிறுத்தியபின் கேஜ் முள் ஏறினால் உள்ளே கசிவோ ஈரமோ இருக்கிறது, வாயு ஏற்றாதீர்கள். முள் அசையாமல் நின்றால் சரி, பழைய ஆர்12 அளவில் சுமார் 80 சதவீதத்தில் தொடங்குங்கள்.